ரெண்டு மணிக்கு விடும்

மழை எப்போது விடும் என்பதை எங்கள் தெருவில் பிரகாசத்திடம்தான் கேட்போம். ரேடியோவில் ‘ஓரிரு இடங்களில்’ என்பார்கள். அந்த ஓரிரு இடத்தில் நம் தெரு உண்டா இல்லையா என்று சொல்ல மாட்டார்கள். பிரகாசம் மணியையே சொல்லுவார். நானும் போய்க் கேட்டவன்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை யோக்கியன் என்று நினைத்துவிடக் கூடாது.

பாரிவாக்கத்தைத் தாண்டி, கூவத்துக்குத் தெற்கே, வயலில் கல் நட்டு மனையாக விற்ற இடம் அது. ஆவடி பேக்டரிகளில் வேலை பார்த்த நாங்கள் லோன் போட்டு வாங்கினோம். மொத்தம் இருபத்திரண்டு வீடு. எங்களுக்கும் ஆவடிக்கும் நடுவில் ஆறு. ஆற்றின் மேல் ஒரு தரைப்பாலம், கைப்பிடிச் சுவர் கிடையாது. கோடையில் எருமை படுக்கக்கூட அதில் தண்ணீர் இருக்காது. அதை ஆறு என்று சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

பிரகாசத்துக்குப் பேக்டரியில் ஸ்லிங்கர் வேலை. டன் கணக்கில் எடையுள்ள இரும்புக்குச் சங்கிலி மாட்டிவிட்டு, மேலே முப்பதடி உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரனுக்குக் கையால் ஜாடை காட்ட வேண்டும். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. கையை நீட்டி விரல்களைத் தன் பக்கம் மடக்கினால் ‘வா’. கையைக் கிடையாக நீட்டி உள்ளங்கையைத் தரை பார்க்க வைத்தால் ‘நில்’. பத்தொன்பது வருஷத்தில் ஒரு விபத்து கிடையாது. அந்தக் கர்வம் அவர் நடையிலேயே தெரியும்.

வீட்டில் மனைவி செலின், பன்னிரண்டு வயது மகள் ஹில்டா, செலினின் தம்பி எட்மண்ட். ஹில்டாவுக்கு எட்டு வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. காலையும் சாயங்காலமும் ஊசி போட்டாக வேண்டும், போடாவிட்டால் பிழைக்க மாட்டாள். செலினுக்கு ஊசியைக் கையில் எடுத்தாலே நடுங்கும். முப்பதடி உயரத்தில் இரும்பை ஆட்டிவைக்கிற பிரகாசம் அந்த நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். நாலு வருஷமாக எட்மண்ட்தான் போட்டுவந்தான். வலிக்காமல் போடுவான் என்று ஹில்டா பெருமையடித்துக்கொள்வாள்.

எட்மண்டுக்கு இருபத்தாறு வயது. ஐ.டி.ஐ.யில் பாதியோடு நின்றவன். அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அதைப் பிரகாசம் ஒருநாளும் மறக்கவிட்டதில்லை. “மச்சானுக்கு இன்னொரு கரண்டி போடு செலின், பாவம், காலைலேந்து சும்மா குந்திகினு களைச்சிப் போயிட்டான்” என்பார். இவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான். எப்படியாவது அவனைக் கான்ட்ராக்டில் ஸ்லிங்கராகச் சேர்த்துவிட வேண்டும் என்று மாலை நேரத்தில் வாசலில் நிற்க வைத்துக் கைஜாடை பழக்குவார். எதிரே நின்று, “ஆளைப் பாக்காத, லோடைப் பாக்காத. கையைப் பாரு. கை நில்லுன்னா உசுரே போனாலும் நிக்கணும்” என்பார். பேருக்குக்கூட எட்மண்ட் ஒரு தப்பு செய்ததில்லை. அதில் மட்டும் அவனை அவர் ஒருமுறை பாராட்டினார். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அந்த டிசம்பரில் ஒரு புயல் கரைக்கும் வராமல், கலைந்தும் போகாமல் கடலிலேயே நின்று ஐந்தாறு நாள் எங்களைப் போட்டு நனைத்தது. இரண்டாம் நாளே பூந்தமல்லி ரோட்டை ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்த தண்ணீர் அறுத்துக்கொண்டு போய்விட்டது. கரண்ட் இல்லை. விறகு நனைந்து புகைந்தது, ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவேளை சோறும் நெத்திலிக் கருவாடும்தான். அப்போதுதான் பிரகாசம் கண்டுபிடித்தார்.

“இன்னா லட்சுமணா, கவனிச்சியா?” என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “மூணு நாளா ஒரே டைம். விடிகாலம் மூணு மணிக்கு ஊத்த ஆரம்பிக்குது. எட்டு வரைக்கும் செம்ம ஊத்து. பத்து மணிக்கு மேல சுருதி எறங்கிடுது. ரெண்டு மணிக்கு சுத்தமா விட்டுடுது. ராத்திரி ஒன்பதுக்குத் தூறல். மறுபடி மூணு மணி.”

“அது எப்படிப்பா புயலுக்கு மணி தெரியும்?”

“அதுக்கும் ஷிப்ட்டு கீதுப்பா. ஏர்போர்ஸ்ல வானிலை செக்சன்ல இருந்த ஒரு மலையாளத்தாரு டீக்கடைல சொன்னாரு. பகல்ல வெயிலு மேல பட்டு மேகத்தோட தலை சூடாயிடும். அப்போ அது அகலமா விரிஞ்சுக்கும், மழை கம்மி. ராத்திரில தலை குளுந்துச்சின்னா உள்ள வயிறு கொதிக்கும். விடிகாலம்தான் அதுக்கு ஃபுல் ப்ரொடக்சன். ரெண்டு மணிக்குக் கேண்டீன் போயிடும்.”

சிரித்தோம். ஆனால் அன்றைக்கு இரண்டு மணிக்கு மழை விட்டது. மறுநாளும் விட்டது, மேகத்தின் பின்னால் சாயம்போன வெயில்கூடத் தெரிந்தது. அவ்வளவுதான், பிரகாசம் பெரிய மனிதராகிவிட்டார். கடைக்குப் போக, துணி உலர்த்த, கக்கூஸ் குழித் தண்ணீர் இறைக்க, எல்லாவற்றுக்கும் அவரைக் கேட்டுத்தான் தெரு நகர்ந்தது. எதிர்வீட்டு ராஜம்மா வடகம் காயவைக்கலாமா என்று கேட்டாள். புயலில் வடகம். அதற்கும் அவர் யோசித்துப் பதில் சொன்னார். அவர் பேச்சை அத்தனை பேர் நின்று கேட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை காலை ஊசியோடு ஹில்டாவின் மருந்து தீர்ந்தது. மாதம் பிறந்தால் பேக்டரி ஆஸ்பத்திரியில் வாங்கிவருவார்கள். ஒன்றாம் தேதி ஞாயிறாகப் போனது, அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. சூடு படாமலிருக்க மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருந்த சீசாவைக் கவிழ்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டு வரை சிரிஞ்சில் இழுத்துப் போட்டான் எட்மண்ட். போட்டுவிட்டுப் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினான். மணி ஆறரை இருக்கும். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

“எங்க கெளம்பிட்ட?” என்றார் பிரகாசம்.

“ஆவடிக்கு மாமா. மருந்து வாங்கியாந்துடறேன். சாயங்காலத்துக்கு இல்ல.”

“சாயங்காலத்துக்குத்தானே இல்ல? இப்போ இன்னா அவசரம்? இந்த ஊத்துல போயி நனைஞ்சி ஜொரம் வந்து படுத்தீன்னா உனக்கு யாரு கஞ்சி காய்ச்சறது? எட்டு மணிக்கு எழுந்து டீ குடிக்கிறவனுக்கு இன்னிக்கு ஆறு மணிக்கே வீரம் வந்துடுச்சி பாரு செலின்.”

நான் பால் வாங்க அங்கே நின்றிருந்தேன். பால்காரர் வேம்புலி அப்போதுதான் அக்கரையில் ஊற்றிவிட்டுத் தலையில் கோணிப்பையோடு திரும்பி வந்திருந்தார். ஆற்றங்கரையிலேயே பிறந்து ஆற்றங்கரையிலேயே எருமை மேய்த்த ஆள்.

“தம்பி போறதுன்னா இப்பவே போவட்டும் நைனா” என்றார் வேம்புலி. “பாலத்து மேல மொழங்கால் தண்ணிதான் கீது. மழை பெய்யற நேரத்துல ஆத்துல தண்ணி வராது. மேல திருவள்ளூர் பக்கம் விடிகாலம் பெஞ்சது எறங்கி இங்க வந்து சேர மத்தியானம் ஆவும். மூணு மணி, நாலு மணி. அப்போதான் அது ஆளைத் தூக்கும்.”

பிரகாசத்துக்கு முகம் மாறிவிட்டது. தெருவில் மணி சொல்ல இன்னொரு ஆளா?

“வேம்புலி, நீ பால்ல ஊத்தற தண்ணிக்குக் கணக்கு வச்சிக்கோ. ஆத்துத் தண்ணிக்கு நாங்க வச்சிக்கிறோம்” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். வேம்புலி பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போனார்.

செலின் அடுப்படியிலிருந்து வந்தாள். “ஏங்க, அவன் போவட்டுமே. பாப்பாக்கு சாயங்காலம் இல்லன்னா இன்னா பண்றது?”

“சாயங்காலம் ஆறு மணிக்கு ஊசி. ரெண்டு மணிக்கு மழை விட்டுடும். காஞ்ச சட்டையோட போயிட்டு நாலு மணிக்குத் திரும்பி வந்துடுவான். நான் சொல்றது தப்பாயிருக்குதா, நீயே சொல்லு. இந்த நாலு நாள்ல ஒருவாட்டி தப்பாயிருக்குதா?”

“இல்லங்க.”

“அப்பறம் இன்னா?”

“நீங்களே ஒருவாட்டி போயிட்டு வாங்களேன்” என்றாள் செலின், குரலைத் தாழ்த்தி.

“நான் போவறதுக்கா ஒருத்தனுக்கு மூணு வேளை சோறு போட்டுகினு கீறேன்?”

எட்மண்ட் சுருட்டிய பேன்ட்டை இறக்கிவிட்டு மூலையில் உட்கார்ந்தான். ஹில்டா அவன் பக்கத்தில் போய்த் தாயக்கட்டையை எடுத்துப் போட்டாள். மத்தியானம் வரை இருவரும் ஆடினார்கள். ஹில்டாவுக்குக் கோதுமைக் கஞ்சி, மற்றவர்களுக்கு ரசமும் கருவாடும். இரண்டு மணி வரை அந்த வீட்டில் எந்தக் குறையும் இல்லை.

இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மழை நின்றது. தெருவே வெளியே வந்தது. ராஜம்மா கையைத் தட்டினாள். “பெரிய ஆளுதாம்பா நீ” என்று நானே பிரகாசத்தின் தோளில் தட்டினேன். எட்மண்ட் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டான். மூடி இறுக்கமான சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றை செலின் கொடுத்தாள். “மருந்தை இதுல போட்டு இடுப்புல கட்டிக்கோடா. கை காலியா இருக்கட்டும்” என்றாள். அவன் போகும்போது பாலத்தில் தொடை வரை தண்ணீர். தாண்டிவிட்டான். தாண்டியதை நாங்கள் நாலைந்து பேர் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

நாலேகாலுக்கு மறுபடி போனோம். வானம் தெளிவாக இருந்தது. ஆற்றில் பாலம் இருக்கும் இடமே தெரியவில்லை, அதன் இரண்டு முனையிலும் நட்டிருந்த கற்களின் தலை மட்டும் தெரிந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓசையோடு போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் எட்மண்ட் நின்றிருந்தான். இடுப்பில் துண்டும் துண்டுக்குள் டப்பாவும். பக்கத்தில் இருந்தவர்கள் அவன் கையைப் பிடித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் இந்தப் பக்கமே பார்த்தான்.

வேம்புலி ஏற்கனவே அங்கே இருந்தார். “அங்கியே நிக்கச் சொல்லு நைனா. காலைல ஆறு வடிஞ்சிடும், வந்துக்கலாம்” என்றார்.

“மழை நின்னு ரெண்டு மணி நேரம் ஆச்சி. இனிமே தண்ணி எறங்கத்தான் செய்யும்” என்றார் பிரகாசம்.

“ஏறிகினு கீது. கல்லைப் பாரு. நான் வந்தப்போ ரெண்டு விரக்கட தெரிஞ்சிது, இப்போ ஒரு விரக்கட.”

“ராத்திரி மறுபடி புடிச்சிக்கும்யா. விடிகாலம் இன்னும் ஊத்தும். இப்போ உட்டா நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் வர முடியாது. எம் பொண்ணு இன்னா ஆவறது?”

வேம்புலி மறுபடி கல்லைப் பார்த்தார். பிரகாசம் சொன்ன ஒவ்வொன்றும் சரிதான். ராத்திரி மழை வரும், விடிகாலையில் வலுக்கும், பெண்ணுக்கு மருந்து வேண்டும். மழையின் மணியை அவர் சரியாகப் படித்திருந்தார், ஆற்றுக்கு வேறு மணி என்பதைக் காலையில் ஒருவன் சொன்னபோது கிண்டல் பண்ணி அனுப்பிவிட்டார். அதை இப்போது ஒப்புக்கொண்டால் இந்தப் பத்துப் பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் கரை ஓரத்துக்குப் போய்க் கையை நீட்டி விரல்களைத் தன் பக்கம் மடக்கினார். வா.

தன்னைப் பிடித்திருந்தவர்களின் கையை உதறிவிட்டு எட்மண்ட் இறங்கினான்.

அவன் கண் பிரகாசத்தின் கையை விட்டு நகரவே இல்லை. அவர் இடது பக்கம் காட்டினால் இடது பக்கம் வந்தான், மெல்ல என்றால் மெல்ல வந்தான். இடுப்பு வரை தண்ணீர், பிறகு நெஞ்சு வரை. பாதி வந்துவிட்டான். நான்கூட வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அப்போது மேற்கே இருந்து ஒரு முருங்கை மரம் வேரோடு உருண்டு வந்தது. பிரகாசம் கையைக் கிடையாக நீட்டினார். உள்ளங்கை தரையைப் பார்த்தது.

எட்மண்ட் நின்றான்.

“நிக்காத தம்பி, நடந்துகினே இரு, நடந்துகினே இரு” என்று வேம்புலி தொண்டை கிழியக் கத்தினார். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? ஓடுகிற தண்ணீரில் நிற்கக் கூடாது, நின்றால் காலோடு ஓரத்துக்குத் தள்ளிவிடும் என்று எருமைக்குக்கூடத் தெரியும். எட்மண்டுக்கு வேறு பாடம் கற்பித்திருந்தார்கள். கழுத்து நரம்பு புடைக்க, கையையே பார்த்துக்கொண்டு நின்றான். மரம் அவனுக்கு ஒரு முழம் முன்னால் கடந்து போனது. ஒரு கிளைகூட அவன் மேல் படவில்லை. பிரகாசத்தின் கணக்கு அங்கேயும் தப்பவில்லை.

பிறகு அவர் விரல்களை மடக்கினார். எட்மண்ட் ஒரு காலைத் தூக்கினான். அடுத்த காலுக்குக் கீழே பாலம் இல்லை. தலை ஒருமுறை தெரிந்தது. அதற்குப் பிறகு தண்ணீர்தான்.

பிரகாசம் கையை நீட்டியபடியே வெகுநேரம் நின்றார். நாங்கள் கரையோரமாகக் கிழக்கே ஓடினோம், கூப்பிட்டோம், இருட்டும்வரை தேடினோம். ஒன்பது மணிக்குத் தூறல் ஆரம்பித்தது.

வீட்டில் செலின் அழவில்லை. ஹில்டா சாயங்காலத்திலிருந்தே தாகம் தாகம் என்று குடித்து, குடித்ததை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைவிட்டு செலினால் நகர முடியவில்லை. தம்பிக்காக அழுவதா மகளுக்காக அழுவதா என்று தெரியாத அந்த ராத்திரியை நான் எழுதப் போவதில்லை.

காலை எட்டு மணிக்கு, கொட்டும் மழையில் வேம்புலி வந்தார். அரை மைல் தள்ளி எங்கள் கரையிலேயே வேலிகாத்தான் புதரில் சிக்கியிருந்தான். நாலு பேராகத் தூக்கிவந்து கூடத்தில் கிடத்தினோம். இடுப்பில் துண்டு முடிச்சு இறுகியிருந்தது. உள்ளே டப்பா இருந்தது.

செலின் கிட்டே வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்க்காமல் முடிச்சைத்தான் பார்த்தாள். ஈரத்தில் ஊறி இறுகிப்போய் அவிழவில்லை. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள். டப்பாவுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் புகவில்லை. இரண்டு சீசாக்கள், ராத்திரி முழுதும் ஆற்றில் கிடந்து நன்றாகக் குளிர்ந்திருந்தன.

“யாராச்சும் போடுங்க” என்றாள். யாருக்கும் தெரியாது. பிரகாசம் கொல்லைக் கதவருகே நின்றிருந்தார். அவரை அவள் பார்க்கக்கூட இல்லை. சிரிஞ்சை எடுத்து, ஹில்டா கண்ணைத் திறக்காமலே சொல்லிக்கொடுக்க, மருந்தை இழுத்தாள். மூன்று முறை குத்தினாள். மூன்றாவது முறைதான் இறங்கியது.

“எட்மண்ட் மாமா போட்டா வலிக்காது” என்றாள் ஹில்டா.

பக்கத்திலேயே அவன் படுத்திருந்தான்.

பத்து மணிக்கு மேல் அவள் வாந்தி நின்றது. அப்போதுதான் செலின் தம்பியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். “இன்னா நடந்துச்சி?” என்று வேம்புலியைக் கேட்டாள். எங்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் ஏதாவது பூசி மெழுகியிருப்போம்.

“கை காட்டி வரச் சொன்னாரும்மா. அப்பறம் நிக்கச் சொன்னாரு. அந்தப் புள்ள நின்னுது” என்றார் வேம்புலி.

ஆவடி சர்ச்சிலிருந்து சாமியார் ஆற்றைத் தாண்டி வர முடியாது. இக்கரையில் இருந்த அவர் உதவியாள், கோயில்பிள்ளை கிறிஸ்துராஜ், ஜெபம் சொல்வதாகவும், பாரிவாக்கம் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் மேட்டில் ஒரு குழி வெட்டலாம் என்றும் முடிவானது. ஆனால் மழை நிற்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும், வெட்டுகிற குழியில் தண்ணீர் நிற்கக் கூடாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் போய்க் கேட்டேன். ஏன் போனேன் என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

“பிரகாசம், எப்போ விடும்பா? எடுக்கணும்.”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. “ரெண்டு மணிக்கு” என்றார்.

செலின் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். நேற்றிலிருந்து அவள் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு மணிக்கு விட்டது. நனையாமல் புதைத்துவிட்டு வந்தோம்.

அதன்பிறகு மூன்று மழைக்காலம் போய்விட்டது. பாலத்துக்கு இரும்புக் குழாயில் கைப்பிடி வைத்துவிட்டார்கள். ஹில்டா தானே ஊசி போட்டுக்கொள்கிறாள். பிரகாசம் இப்போதும் பேக்டரியில் அதே பிரிவில் கிரேனுக்குக் கை காட்டுகிறார், விபத்து எதுவும் இல்லை. செலின் அவரோடு சண்டை போட்டதாக ஒருவரும் கேட்டதில்லை. “நல்ல பொம்பளைப்பா, ஒரு வார்த்தை கேக்கல” என்று ராஜம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

போன நவம்பரில் ஒருநாள் லீவு லெட்டர் விஷயமாக அவர் வீட்டுக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு நேரம். எனக்கும் தட்டு வைத்தாள். எனக்குச் சோறு போட்டாள். பிரகாசத்தின் தட்டு காலியாக இருந்தது. சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, எப்போ விடும்?” என்றாள்.

மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள். அன்றைக்குக் காலையில் தம்பி போகட்டுமே என்று கேட்டாளே, அதே குரல்.

பிரகாசம் தட்டைப் பார்த்தார். நான் ஏதோ பேச வாயெடுத்தேன். செலின் என் பக்கம் திரும்பவில்லை.

“சொல்லுங்க. சோறு ஆறுது.”

ஒவ்வொரு மழைக்கும் இப்படித்தான் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஹில்டா எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டாள்.

“ரெண்டு மணிக்கு” என்றார் பிரகாசம்.

அவள் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், கருவாட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். அவர் சாப்பிட்டார். நான் கிளம்பவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்காவது தப்பட்டும் ஆண்டவரே என்று, அவர்கள் சாமியைத்தான் வேண்டிக்கொண்டேன்.

இரண்டுக்கு மழை நின்றது. செலின் வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

“விட்டுடுச்சிங்க” என்றாள். “நீங்க சொன்ன மாரியே.”